காலிப்பர் சர்வீஸ் வீட்டுலயே: ஆறு வருஷமா நான் பண்றது

வண்டி 150 சிசி, 2017 மாடல், முன்னாடி டிஸ்க் பின்னாடி டிரம், 71,000 கிலோமீட்டர் ஓடியாச்சு. காலிப்பர்ங்கிறது முன்னாடி டிஸ்க்க ரெண்டு பக்கமும் பேட் வச்சு பிடிக்கிற பிரேக் பாகம். வீடு திருவொற்றியூர்ல, கடல்ல இருந்து ரெண்டு தெரு. உப்புக்காத்துல சைக்கிள் செயினே ரெண்டு மாசத்துல செவந்துடும், அதனால நான் சொல்ற கணக்கு கோயம்புத்தூர்க்காரங்களுக்கு கொஞ்சம் ஓவராத்தான் தெரியும்.

2019ல வண்டிய தள்ளுறப்ப யாரோ பின்னாடி பிடிச்சு இழுக்குற மாதிரி இருந்துச்சு, டிஸ்க்க தொட்டா கை சுட்டுச்சு. மெக்கானிக் அண்ணன் புது பேட் போட்டு அனுப்புனாரு, நாலு மாசத்துல மறுபடி அதே கதை. சரின்னு நானே கழட்டிப் பாத்தா, பிஸ்டன் பக்கத்து பேட் தகடு வரைக்கும் தேஞ்சிருக்கு, எதிர்ப்பக்கம் பாதிக்கு மேல அப்படியே இருக்கு. இது ஃப்ளோட்டிங் காலிப்பர், பிஸ்டன் ஒரு பக்கம்தான், காலிப்பர் மொத்தமா பின் (அதைத் தாங்குற கம்பி ஆணி) மேல வழுக்கி நகர்ந்தாதான் அந்தப்பக்க பேடும் டிஸ்க்க பிடிக்கும், விட்டாலும் அதேதான். பின் ரெண்டும் துரு ஏறி அசையவே இல்ல, பேட் என்ன பண்ணும் பாவம்.

முதல் தடவ பெரிய புத்திசாலி மாதிரி வீட்ல கெடந்த சாதா கிரீஸ அப்பிவிட்டேன். கொஞ்ச நாள்ல அந்த பின்ன மூடியிருக்குற ரப்பர் பூட் உப்பி ஊத்தப்பம் மாதிரி ஆயிடுச்சு, பின் முன்னவிட மோசமா இறுகிடுச்சு. பெட்ரோலிய கிரீஸ் பிரேக் ரப்பருக்கு ஆகவே ஆகாது, சிலிக்கான் கிரீஸ்தான். சென்னை ஜிபி ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில ஒரு சின்ன டியூப் வாங்குனேன், வருஷக்கணக்கா வருது.

இப்ப மழை முடிஞ்சதும் ஒரு தடவ, வெயில் ஆரம்பிக்கிறப்ப ஒரு தடவ. காலிப்பர கழட்டி பிரேக் ஆயில் ஹோஸ்ல தொங்க விடாம கம்பியில கட்டிட்டு, பின்ன துடைச்சு லேசா கிரீஸ், அவ்ளோதான். பிஸ்டன உள்ள தள்றதுக்கு முன்னாடி பழைய டூத் பிரஷ்ல சோப்புத்தண்ணி போட்டு கழுவிடுங்க, அழுக்கோட தள்ளுனா சீல் கிழியும். உப்புத்தாள் போட்டு மட்டும் தேய்ச்சிடாதீங்க. இன்னொண்ணு, பிஸ்டன தள்ளுறப்ப மேல ஹேண்டில்பார்ல இருக்குற பிரேக் ஆயில் டப்பால ஆயில் ஏறும், ஒரு தடவ கவனிக்காம விட்டு வழிஞ்சு டேங்க் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா வந்துடுச்சு, இன்னும் அங்க ஒரு ஸ்டிக்கர் ஒட்டித்தான் ஓட்டுறேன். வழிஞ்சா உடனே தண்ணி ஊத்துங்க.

பிரேக் ஆயில் டாட் 4, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துறேன். காத்துல இருக்குற ஈரத்த அது இழுக்கும், புதுசுல குறைஞ்சது 230 டிகிரில கொதிக்க வேண்டியது ஈரம் ஏறுனா 155க்கு வந்துடலாம். ஆயில் மாத்துனப்புறம் லைன்ல மாட்டுன காத்த வெளியேத்த, அதாவது ஏர் எடுக்க, ரெண்டாவது ஆளு இருந்தா நல்லது, என் பொண்ணு பிரேக் லிவர் பிடிப்பா. ஏர் சரியா போகலன்னா லிவர் ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கும், அந்த வண்டிய வெளிய எடுக்கவே கூடாது.

மாட்டி முடிச்சதும் லிவர் கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் பம்ப் பண்ணுங்க. நான் மறந்துட்டு கெளம்பி எதிர்வீட்டு கேட்லதான் போய் நின்னேன். இப்ப போட்டிருக்குற பேட் 17,000 கிலோமீட்டர் தாண்டி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தேயுது.