ஏழு வயதிலேயே காட்டுவதா, பன்னிரண்டு வரை பொறுப்பதா?

பிள்ளையின் பல்வரிசை கோணலாகத் தெரிந்தால் தொண்டி முதல் பாம்பன் வரை கரையோர வீடுகளில் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "பால் பல் எல்லாம் விழுந்து முளைக்கட்டும், பிறகு கம்பி போட்டுக்கொள்ளலாம்." கம்பியைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரி, பரிசோதனையைப் பொறுத்தவரை சரியல்ல.

முதல் பரிசோதனையை 7 வயதுக்குள் முடிக்கும்படி அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. அந்த வயதில் நிரந்தரக் கடைவாய்ப் பற்களில் முதலாவதும் முன்பற்கள் சிலவும் வந்துவிடுவதால், இரு தாடைகளும் பொருந்தும் விதம் தெரிந்துவிடும். பிள்ளையை வெளிச்சத்தில் உட்காரவைத்து மெதுவாகப் பல்லைக் கடிக்கச் சொன்னால் பெற்றோரே ஓரளவு பார்க்கலாம்: மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே போய் அமர்ந்தாலோ, கடிக்கும் கணத்தில் தாடை ஒரு பக்கமாக நழுவினாலோ காத்திருக்கக் கூடாது. குறுகிய மேல் தாடையை விரிப்பதும், பின்தங்கிய மேல் தாடையை முன்னுக்கு இழுப்பதும் எலும்பின் பொருத்துகள் இறுகுவதற்கு முன்பே எளிது. சொத்தையால் பால் கடைவாய்ப்பல்லை முன்கூட்டியே பிடுங்கியிருந்தால், அந்த இடம் அடைபடாமல் காக்கும் சிறு கருவி தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

மறுபுறம், 8 வயதில் மேல் முன்பற்கள் விசிறிபோல் விரிந்து நடுவில் இடைவெளி விட்டிருப்பது பெற்றோரைப் பயமுறுத்தினாலும், 11, 12 வயதில் கோரைப்பற்கள் இறங்கும்போது அது பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். எத்துப்பல்லுக்குச் சிறு வயதில் ஒருமுறை, பற்கள் முளைத்து முடிந்த பிறகு மறுமுறை என இரண்டு கட்டமாகச் சிகிச்சை தருவதால் இறுதி விளைவு மேம்படுவதில்லை என்றும், விழுந்து முன்பல் உடையும் வாய்ப்பு குறைவதே அதன் முக்கியப் பயன் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. எந்நேரமும் ஓடியாடி விழும் பிள்ளைக்கு அது சிறிய பயன் அல்ல.

கம்பி கட்டினால் ஏறத்தாழ ஒன்றரை இரண்டு ஆண்டுகள், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் போக வேண்டும். ராமேசுவரத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 170 கிலோமீட்டர். தேவையற்ற முதல் கட்டம் என்பது அத்தனை பேருந்துக் கட்டணமும், அப்பாவோ அம்மாவோ இழக்கும் அத்தனை நாள் கூலியும் ஆகும். பரிசோதனைக்கோ ஒரு பயணம் போதும். பள்ளி விடுமுறையும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்து வரும் நாள்களில் விசைப்படகுத் தொழிலாளர் வீடுகளுக்கு நேரம் கிடைக்கும், கையில் காசுதான் இருக்காது. ஆகவே அப்போது பரிசோதனையை மட்டும் முடித்துக்கொள்வதே உகந்தது.

காத்திருப்போர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 10 வயதைத் தாண்டியும் மேல் ஈறின் வெளிப்புறத்தில் கோரைப்பல்லின் மேடு விரலுக்குத் தட்டுப்படாவிட்டால், அது எலும்புக்குள் திசைமாறிப் போகிறதா என எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். சில வேளைகளில் அங்குள்ள பால் பல்லை அப்போதே எடுத்துவிட்டால் புதுப்பல் தன் வழிக்குத் திரும்பிவிடும். கம்பியை உடனே போடச் சொல்லும் மருத்துவரிடம், இப்போது செய்யாவிட்டால் பின்னால் சரிசெய்ய முடியாமல் போவது எது என்று கேளுங்கள்; எதையும் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வருவதாகக் கூறித் தயங்காமல் திரும்பிவிடலாம்.