திருட்டுத் தடுப்புப் பயிற்சி: ஒரு நாள் வகுப்பா, தினமும் 10 நிமிடமா?

கடை ஊழியர்களுக்குத் திருட்டைத் தடுக்கக் கற்றுக்கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. எல்லோரையும் ஒரு நாள் உட்காரவைத்து வகுப்பு எடுப்பது ஒன்று. கடை திறக்கும் முன் தினமும் 10 நிமிடம், ஒரே ஒரு விஷயத்தைச் செய்துகாட்டுவது இன்னொன்று.

விதிகளைச் சொல்ல வகுப்புதான் சரி. பில்லை ரத்து செய்ய யார் ஒப்புதல் வேண்டும், சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது, யாரையும் துரத்தவோ கையைப் பிடிக்கவோ கூடாது என்பதெல்லாம் எல்லோர் காதிலும் ஒரே மாதிரி விழ வேண்டும். ஆனால் கேட்டது கைப்பழக்கம் ஆவதில்லை. அடுத்த மாதம் சேரும் புதியவருக்கு அந்த வகுப்பும் கிடையாது.

பழக்கம் வருவது தினப் பயிற்சியில்தான். விலை ஸ்டிக்கர் மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மலிவான பொருளின் பார்கோடை விலை கூடிய பெட்டிமேல் ஒட்டி ஒருவர் கவுன்ட்டருக்குக் கொண்டுவரட்டும். ஸ்கேனர் ‘பீப்’ என்றதும் காசாளர் அடுத்த பொருளுக்குக் கை நீட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். திரையில் வந்த பெயரும் கையில் உள்ள பொருளும் ஒன்றா? நான்கைந்து முறை செய்தால் கண் தானாகத் திரைக்குப் போகும். உடை மாற்றும் அறைக்குள் போகும் உருப்படிகளை எண்ணுவது, கல்லாவை இருவராக எண்ணி முடிப்பது எல்லாம் இப்படித்தான் படியும்.

மேற்பார்வையாளர் அசந்தால் இது இரண்டே வாரத்தில் நின்றுபோகும். ஊழியர் திருட்டை இங்கே பேசாதீர்கள்; சின்னக் குழுவில் அது ஒருவரைக் குத்திக்காட்டுவது போலாகிவிடும். அதற்கு வகுப்பே இடம்.

ஒன்றுதான் முடியும் என்றால் 10 நிமிடத்தையே எடுங்கள். விதிகளை ஒரு தாளில் அச்சிட்டு, சேரும் நாளிலேயே கொடுத்துவிடலாம்.