‘ஒரிஜினல் ஜப்பான் டேப்’ என்று விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

போன மாதம் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கத்தைப் பார்த்து, மொடலுக்குப் பெயின்ட் அடிக்கும்போது நிறம் படக்கூடாத இடத்தை மூட ஒட்டுகிற மாஸ்கிங் டேப் மூன்று ரோலும், அதே வேலைக்குப் பூசுகிற மாஸ்கிங் திரவம் ஒரு போத்தலும் ஓடர் பண்ணினேன். 6, 10, 18 மில்லிமீற்றர், ‘ஒரிஜினல் தமியா’ என்று, அதாவது ஜப்பானின் மொடல் சாமான் கம்பனியின் பெயரைப் போட்டிருந்தார்கள். எல்லாமாக 4,350 ரூபாய், கூரியர் காசு வேறு. ஹட்டனில் நான் கேட்ட கடைகளில் இந்தச் சாமான் இல்லை. கொழும்புக்குப் போய்வந்தால் ஒரு நாள் உழைப்பு போய்விடும். மலைநாட்டில் இருந்து வாங்குகிற எல்லாருக்கும் இதே நிலைமைதான், அதனால்தான் எழுதுகிறேன்.

கையில் இருந்த வேலை ஒரு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் மொடல். டிப்போவில் ட்ரைவராக இருந்து ஓய்வு பெறுகிற ஒரு ஐயாவுக்காக அவருடைய மகள் கேட்டது. “அப்பா ஓட்டுன மஸ்கெலியா பஸ் மாதிரியே வேணும் அண்ணே, உள்ள அப்பாவும் இருக்கணும்” என்று பழைய போட்டோ ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி ஒன்பது அங்குல நீளத்தில் செய்தேன். சிவப்பு உடம்பு, ஜன்னலுக்குக் கீழே வெள்ளைப் பட்டி, நெற்றியில் மூன்று மொழியிலும் ஊர்ப் பெயர். ஸ்டியரிங்கில் காக்கிச் சட்டையோடு ஐயா, ஒன்றேகால் அங்குல உயரம். அந்த மீசைக்கு மட்டும் ஒரு இரவு போனது.

பட்டி வைக்க முதலில் வெள்ளை அடிக்க வேண்டும். வெள்ளையைச் சிவப்பு மூடும், சிவப்புக்கு மேல் வெள்ளை அடித்தால் ரோஸ் தட்டும். இங்கே பின்னேரமானால் மிஸ்ட் இறங்கிவிடும், ஈரக் காற்றில் பெயின்ட் தொட்டுப் பார்க்கக் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே காய்ந்திருக்காது. அதற்காகவே நாலு நாள் விட்டேன். பிறகு பட்டியை டேப்பால் மூடி, ஓரத்தைப் பல்குச்சியால் தேய்த்து, வெயில் இருந்த நேரமாகப் பார்த்துச் சிவப்பை மூன்று மெல்லிய கோட்டாக அடித்தேன். டேப்பைப் பின்பக்கமாக மடித்து மெதுவாக உரித்தேன். கோடு ரம்பப் பல் மாதிரி வந்தது. சிவப்பு டேப்புக்கு அடியில் ஊர்ந்து வெள்ளைக்குள் இரண்டு மில்லிமீற்றர் ஓடியிருந்தது. வலது பக்கம் மூன்று இடத்தில் வெள்ளையும் சேர்ந்து உரிந்து பிளாஸ்டிக் தெரிந்தது.

என் கைப்பிழையோ என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய ரோலில் ஒரு சாண் நல்ல டேப் மிச்சம் இருந்தது. மிச்சத் தகடு ஒன்றில் அதே வெள்ளை அடித்து, அதே நாலு நாள் காயவிட்டு, பாதியில் பழைய டேப்பும் பாதியில் புது டேப்பும் ஒட்டி அதே சிவப்பை அடித்தேன். பழையது நூல் பிடித்த மாதிரி வந்தது. புதியது பஸ்ஸில் செய்ததையே திரும்பச் செய்தது.

திரவம் இதைவிட மோசம். ஐயாவின் முகத்தையும் கைகளையும் அதால் மூடிவிட்டு காக்கி அடித்தேன். நல்ல மாஸ்கிங் திரவம் ரப்பர் பால் வகை. போத்தலைத் திறந்தால் அமோனியா வாடை குப்பென்று வரும், காய்ந்ததும் நுனியைக் கிள்ளி இழுத்தால் தோல் மாதிரி நீண்டு கழன்றுவிடும். இது இழுபடவே இல்லை. ஊசியால் கிளப்பினேன், ஒரு கண்ணும் பாதி மீசையும் அதோடு வந்துவிட்டன. மிச்சத்தை ஈர விரலால் தேய்த்தால் பால் மாதிரி வெள்ளையாகக் கரைந்தது. பலகை ஒட்டுகிற வெள்ளைப் பசையில் நீலச் சாயம் கலந்து ஊற்றியிருக்கிறார்கள் என்று அப்போது விளங்கியது.

விற்றவரிடம் தகட்டின் போட்டோவை அனுப்பினேன். “ஒங்களுக்கு அடிக்கத் தெரியல தம்பி” என்று ஒரு வரி. பில் கேட்டேன், பிளொக் பண்ணிவிட்டார். அவர் அனுப்பின பார்சலைக் காசு கொடுக்காமல் திறக்கவும் கூரியர் தம்பி விடவில்லை. அது அந்தத் தம்பியின் பிழை இல்லை, கூரியர்காரர்களுடைய முறை அப்படி.

டேப் எப்படித் தெரியும் என்றால், ஒரிஜினல் டேப் வாஷி என்கிற ஜப்பானியக் காகிதத்தில் செய்தது. மெல்லிசு, மஞ்சள், ஒட்டினால் அடியில் இருக்கிற பென்சில் கோடு மங்கலாகத் தெரியும், வளைவிலும் படிந்து உட்காரும். எனக்கு வந்ததும் மஞ்சள்தான். ஆனால் தடிப்பு, மேலே சுருக்கம் சுருக்கமாக நெளிவு, ஹாட்வெயார் கடையில் சுவருக்கு விற்கிற டேப்பின் அதே நெளிவு. அகல ரோலை பிளேட்டால் வெட்டிச் சின்னதாக்கியிருக்கிறார்கள், விளிம்பை லென்ஸில் பார்த்தால் பிசிறு நிற்கிறது. பிசிறு நிற்கிற விளிம்பு பெயின்ட்டைத் தடுக்காது. ஓடர் பண்ண முதல் ரோலின் விளிம்பைக் கிட்டத்தில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், பெட்டிப் படத்தை நம்ப வேண்டாம். திரவம் என்றால், காய்ந்த துண்டை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் சொல்லியிருக்கிறேன். கூரியர் துண்டையும் மெசேஜ் படங்களையும் வைத்திருக்கிறேன். நீங்களும் எதையும் அழித்துவிடாதீர்கள்.

பஸ்ஸை ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் துடைத்து வெறும் பிளாஸ்டிக்குக்குக் கொண்டுவந்தேன். பண்டாரவளையில் இருக்கிற நண்பர் ஒருவர், ரயிலில் வந்த சொந்தக்காரரிடம் அரை ரோல் நல்ல டேப் கொடுத்தனுப்பினார். இந்த முறை சிவப்புக்கு முன்னால் டேப் ஓரத்தில் அதே வெள்ளையை ஒரு தடவை லேசாக ஊதிவிட்டேன். ஏதாவது இடுக்கு இருந்தால் வெள்ளையே போய் அடைத்துக்கொள்ளும். மீசையை இரண்டாவது தடவை வரைந்தேன். பிரியாவிடைக்கு முந்தின நாள் பின்னேரம் மகள் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அந்த அரை ரோலில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கம் யாராவது இதே மாதிரி வாங்கிவிட்டுச் சந்தேகத்தில் இருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள். ஒரு சாண் வெட்டித் தருகிறேன், பக்கத்தில் வைத்து ஒட்டிப் பாருங்கள்.