மார்கழி டிக்கெட் மிஞ்சினால்: வாட்ஸ்அப் குழுவிலா, சபா வாசலிலா?

சென்னை டிசம்பர் இசை, நாட்டிய சீசனில் போக முடியாத கச்சேரியின் டிக்கெட்டை முந்தின நாளே ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடலாம். இல்லையேல் கச்சேரிக்கு அரை மணி முன்னால், அதை நடத்தும் சபாவின் வாசலில் நிற்கலாம்.

குழுவில் போடும்போது சபா, தேதி, நேரம், இருக்கை வரிசை, எத்தனை டிக்கெட், விலையா இலவசமா என எல்லாம் ஒரே செய்தியில் இருக்கட்டும். வெறுமனே "டிக்கெட் இருக்கு, வேணுமா?" என்றால் கேள்விகள்தான் குவியும். படம் போட்டால் க்யூஆர் கோடை மறையுங்கள். முதலில் ஸ்கேன் செய்தவர் உள்ளே போய்விடுவார். நீங்கள் வாக்குக் கொடுத்தவர் வெளியே நிற்பார். கேட்டவருக்குத் தனியே அனுப்பியதும் "கொடுத்தாயிற்று" என்று குழுவில் எழுதுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். நாட்டிய நிகழ்ச்சி என்றால் நடனப் பள்ளிக் குழுக்களிலும் போடலாம். ஜோடி டிக்கெட்டுக்கு அங்கே ஆள் கிடைக்கும்.

வாசல் வழி, ஒருநாள் காகித டிக்கெட்டுக்குத்தான் சரிப்படும். அரங்கு நிறைந்த மாலை என்றால் கவுன்டர் அருகிலேயே ஆள் இருப்பார். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்காதீர்கள். கூட்டமில்லாத நாளில் அங்கே நிற்பது வீண்.

பல நாள் கச்சேரிகளுக்கும் சேர்த்து வாங்கிய சீசன் டிக்கெட்டை மட்டும் வாசலில் நீட்டாதீர்கள். மறுநாள் அது திரும்பி வர வேண்டுமே! உங்கள் பெயரில் உள்ள டிக்கெட்டில் வேறொருவரை உள்ளே விடுவார்களா என்று சபா அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, தெரிந்தவரிடமே கொடுங்கள்.