நுரைப்பஞ்சா, காந்தமா: மலைப்பாதையில் சிற்றுருவங்களின் பயணம்

உதகையிலிருந்து கோவைக்கு மேசைப்போர் (சிறிய போர்வீரர் பொம்மைகளான சிற்றுருவங்களை மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு) விளையாடப் போகிறவர்களுக்கு, ஏறத்தாழ 85 கிலோமீட்டர் பயணத்தில் கவலை தருவது குன்னூருக்கும் கல்லாறுக்கும் இடைப்பட்ட இறக்கம் மட்டுமே. பேருந்து பள்ளத்தில் விழுந்து எழும் குலுக்கலைவிட, கொண்டை ஊசி வளைவுகளில் பெட்டிக்குள் இருப்பவை அனைத்தும் ஒரே பக்கமாகச் சரிவதுதான் வண்ணம் தீட்டிய சிற்றுருவங்களுக்கு ஆபத்து. எனவே எந்தப் பெட்டி சிறந்தது என்பதைப் பக்கவாட்டுச் சறுக்கலை அது எப்படித் தாங்குகிறது என்பதை வைத்தே பார்க்கிறேன்.

பழைய முறையான நுரைப்பஞ்சுத் தட்டில் ஒவ்வொரு பொம்மையும் தனக்கென வெட்டிய குழியில் படுத்திருப்பதால் சறுக்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை. கனமான வெள்ளீய உருவங்களுக்கு இன்றும் இதையே பரிந்துரைப்பேன். ஆனால் ஈட்டி, கொடி, சிறகு போன்ற மெல்லிய பகுதிகள் எடுக்கும்போதும் வைக்கும்போதும் பஞ்சில் சிக்கி ஒடிகின்றன; துருத்திய விளிம்புகளில் பஞ்சு உரசி உரசி வண்ணத்தைத் தேய்க்கிறது. இதற்கு மேல் எங்கள் ஊரின் ஈரம் வேறு. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அலமாரியில் கிடந்த பஞ்சுத் தட்டு ஒன்று பூஞ்சை நாற்றம் பிடித்து, அடுத்த ஆண்டில் விரலில் ஒட்டும் பொடியாக உதிரத் தொடங்கியது.

பொம்மை நிற்கும் வட்டமான அடித்தட்டுக்குக் கீழே இரும்பு வாஷரை ஒட்டி, பெட்டியின் தரையில் ரப்பர் காந்தத் தாளை விரிப்பது இரண்டாவது முறை. செலவு குறைவு, சிற்றுருவங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதும் இல்லை. 25 மில்லிமீட்டர் அடித்தட்டில் நிற்கும் பிளாஸ்டிக் காலாட்படைக்கு இது போதும். உயரமான உருவமானால் முதல் வளைவிலேயே தலைகுப்புற விழுந்துவிடும் என்பதால் இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது, நான் கடைப்பிடிப்பது: அடித்தட்டுக்குள் நியோடிமியம் என்னும் சிறிய, வலுவான காந்தம், கீழே இரும்புத் தகரம். வீட்டில் கிடக்கும் எவர்சில்வர் டப்பாவில் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. பேக்கரியில் கேட்டு வாங்கிய சதுர பிஸ்கட் டின்னில் ஒட்டும். 25, 32 மில்லிமீட்டர் தட்டுகளுக்கு 5×2 மில்லிமீட்டர் (விட்டம்×தடிமன்) காந்தமும், 40 மில்லிமீட்டர் தட்டுக்கு 8×2 அளவும் வைக்கிறேன். இம்முறையில் பலரும் தவறுவது இடைவெளியில்தான். உள்ளே குழிவாக இருக்கும் அடித்தட்டின் கூரையில் காந்தத்தை ஒட்டிவிட்டால் அது தகரத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியே பிடியைப் பெருமளவு குறைத்துவிடும். ஆகவே தகரத்தின் மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதன்மீது காந்தத்தை வைத்து, எம்-சீல் அடைத்த அடித்தட்டை மேலிருந்து அழுத்தி, இரவு முழுவதும் விட்டுவிடுகிறேன். டிசம்பர் குளிரில் அது இறுக இரண்டு இரவுகள்கூட ஆகும். தொடக்கத்தில் உடனடிப் பசையை மட்டும் நம்பியிருந்தேன். ஒருநாள் கோவையில் பெட்டியைத் திறந்தபோது காந்தங்கள் நான்கும் தகரத்தில் ஒழுங்காக அணிவகுத்திருக்க, வீரர்கள் மட்டும் மூலையில் குவிந்து கிடந்தார்கள்.

காந்தம் சரியாகப் படிந்த பிறகும் சறுக்கல் முற்றிலும் தீர்ந்துவிடாது. நேராக மேலே இழுத்துப் பிரிப்பதற்கு வேண்டிய விசையில் தோராயமாக ஐந்தில் ஒரு பங்கே, வழவழப்பான தகரத்தில் பக்கவாட்டில் நழுவப் போதுமானது. தகரத்தின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒரே அடுக்காக ஒட்டினேன். அது இழுவிசையைச் சற்றே குறைத்தாலும் உராய்வைக் கூட்டுவதால் நழுவுவது நின்றது. இரண்டு அடுக்கு ஒட்டிப் பார்த்தபோது பிடி தளர்ந்தது. மசினகுடிப் பக்கம் கல்லட்டியின் 36 வளைவுகளிலும் இந்தப் பெட்டியோடு ஒருமுறை இறங்கினேன். பிளாஸ்டிக் உருவங்களில் ஒன்றும் அசையவில்லை, ஒரு வெள்ளீயக் குதிரைவீரன் மட்டும் சாய்ந்திருந்தான். அன்றிலிருந்து வெள்ளீயம் பஞ்சுக்கே திரும்பியது.

சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒட்டாத காந்தங்களைப் பூட்டி வைக்க வேண்டும். இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலின் சுவர்களை இடையில் வைத்து ஒன்றையொன்று இழுத்து, துளை போடும் அளவுக்குப் போகக்கூடும்.

தகரப் பெட்டிக்கென்றே உள்ள குறை துரு. நிக்கல் பூச்சு பெயர்ந்த நியோடிமியமும் ஈரத்தில் வேகமாக அரிக்கும். மாலையில் கோவையின் வெப்பக் காற்றோடு மூடிய பெட்டி, உதகையின் குளிருக்கு வந்து சேரும்போது உட்புறம் வியர்த்துவிடுகிறது. எவ்வளவு களைப்பாக வந்தாலும், சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாற்றி, மூடியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.