என்.எம்.ஓ. பார்வை இழப்பு: தினசரி மாத்திரையா, ஆறு மாத ஊசியா?

தண்ணீர் பாட்டிலின் சிவப்பு மூடியை இடது கண்ணால் பார்த்துவிட்டுத் தங்கை "செவப்பு" என்றாள். வலது கண்ணால் பார்த்துவிட்டு, "வெயில்ல கெடந்து வெளுத்த மாதிரி இருக்குக்கா" என்றாள். மூன்றாம் நாள் அந்தக் கண்ணுக்கு மூடியே தெரியவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான் இரண்டு வாரம் விடாத விக்கலும் வாந்தியும். வயிற்றுப் புண்ணாக இருக்கும் என்று எண்டோஸ்கோபி வரை போய் வந்திருந்தோம். விக்கலுக்கும் கண்ணுக்கும் காரணம் ஒன்றே என்று யாருக்குத் தோன்றும்?

நோயின் பெயர் நியூரோமையலைட்டிஸ் ஆப்டிகா, சுருக்கமாக என்.எம்.ஓ. 1894இல் பிரான்சின் லியோன் நகரத்து மருத்துவர் யூஜின் தெவிக் இதை விவரித்தார். அதன் பிறகு நூறு வருஷம் இதை, மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடலே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளரோசிஸின் ஒரு வகை என்றே பெரும்பாலோர் நினைத்தார்கள். 2004இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வாண்டா லென்னனின் குழு இந்த நோயாளிகளின் ரத்தத்தில் தனியாக ஓர் ஆன்டிபாடி (சொந்த உடலையே தாக்கும் எதிர்ப்புப் புரதம்) இருப்பதைக் கண்டுபிடித்தது. அது குறிவைப்பது அக்வாபோரின்-4 என்ற புரதத்தை என்பது அடுத்த வருஷமே தெரிந்துவிட்டது. மூளையில் நரம்புகளைப் பராமரிக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களில் தண்ணீர் போய்வரும் மதகு அந்தப் புரதம். பார்வை நரம்பிலும் தண்டுவடத்திலும் இது நிறைய. மூளைத்தண்டில் வாந்தியைக் கட்டுப்படுத்தும் இடத்திலும் உண்டு, விக்கல் வந்தது அதனால்தான். ஆன்டிபாடி போய் மதகில் ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் கிருமியைத் துளைப்பதுபோல் அந்தச் செல்லையே துளைத்துக் கொல்லும். பராமரிக்கும் செல் போனபின் நரம்பும் பட்டுப்போகும்.

இந்தச் சங்கிலியை மனதில் வைத்துக்கொண்டால் மருந்துகளை ஒப்பிடுவது எளிது. ஒவ்வொரு மருந்தும் ஏதோ ஒரு கண்ணியை வெட்டுகிறது. எதை, எவ்வளவு நிச்சயமாக, எத்தனை வருஷத்துக்கு என்பதில்தான் வித்தியாசம்.

மருந்துக்கு முன் ஆன்டிபாடியின் பெயர்

பார்வை நரம்பு வீங்கினால் மூன்று சந்தேகங்கள் வரும். மல்டிபிள் ஸ்கிளரோசிஸில் பெரும்பாலும் ஒரு கண்தான், விழியை அசைத்தால் வலி, சில வாரங்களில் பார்வை பெருமளவு திரும்பிவிடும். நரம்பு உறையிலுள்ள எம்.ஓ.ஜி. என்ற புரதத்தைத் தாக்கும் எம்.ஓ.ஜி. ஆன்டிபாடி நோயில் இரண்டு கண்ணும் சேர்ந்து போகலாம், நரம்பின் முனை நன்றாக வீங்கியிருக்கும், ஸ்டீராய்டு கொடுத்தால் மளமளவென்று தேறும், வேகமாகக் குறைத்தால் திரும்ப வந்து நிற்கும். அக்வாபோரின்-4 ஆன்டிபாடி என்றால் போன பார்வை திரும்புவது கஷ்டம். ஒவ்வோர் அட்டாக்கும் ஏதாவது ஒன்றை நிரந்தரமாக எடுத்துக்கொண்டு போகும். இதில் பாதிக்கப்படுவோரில் பெண்களே மிக அதிகம்.

பெயர் தவறினால் வைத்தியமே எதிராகத் திரும்பும். மல்டிபிள் ஸ்கிளரோசிஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமாட், நட்டாலிசுமாப் ஆகியவை என்.எம்.ஓ.வைக் கிளப்பிவிட்ட அனுபவங்கள் பதிவாகியிருக்கின்றன. எம்.ஓ.ஜி. நோயிலோ, என்.எம்.ஓ.வுக்குப் போடும் ரிட்டுக்சிமாப் ஊசி அவ்வளவாக எடுபடுவதில்லை. முதல் அட்டாக்கோடு நின்றுவிடுபவர்களும் அதில் நிறையப் பேர், ஆகவே எல்லோருக்கும் நீண்டகால மருந்து தேவைப்படாது. அக்வாபோரின்-4 உறுதி என்றால் முதல் அட்டாக்கிலேயே நீண்டகால மருந்து ஆரம்பித்தாக வேண்டும். "இன்னொரு தடவை வந்தா பாத்துக்கலாம்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

பரிசோதனையிலும் இரண்டு வகை. எலைசா முறை பரவலாகக் கிடைக்கும், ஆனால் தவறவும் விடும், இல்லாததை இருப்பதாகவும் சொல்லும். செல்லின் மேல் அந்தப் புரதத்தையே உருவாக்கி அதில் ரத்தத்தைச் சோதிக்கும் செல்-பேஸ்டு முறைதான் நம்பகமானது. எங்களுக்கு ஒரு லேபில் முதலில் வந்த ரிப்போர்ட் எலைசா, நெகட்டிவ். டாக்டர் அதைத் தள்ளி வைத்துவிட்டு செல்-பேஸ்டு முறைக்கு எழுதினார், பாசிட்டிவ். நம் பக்கத்திலேயே மங்களூரில் லேகா பண்டிட்டின் குழு இப்படிப்பட்ட ஒரு சோதனையைத் தாங்களே உருவாக்கி, இந்திய நோயாளிகளை வருஷக்கணக்கில் பதிவு செய்து வருகிறது. ரிப்போர்ட் கைக்கு வந்தால் முறை என்ன என்ற வரியை முதலில் தேடுங்கள். சோதனைக்கு ரத்தம் எடுப்பதும் பிளாஸ்மா மாற்றுக்கு (ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றும் சிகிச்சை) முன்பு நடக்க வேண்டும். அப்புறம் எடுத்தால் அளவு குறைந்து நெகட்டிவ் போலத் தெரியலாம்.

முதல் பத்து நாள்: ஸ்டீராய்டா, பிளாஸ்மா மாற்றா?

இதில் என் கருத்து கறாரானது: காத்திருப்பதுதான் மோசமான தேர்வு. பல இடங்களில் "ஸ்டீராய்டு கொடுத்தாலும் கொடுக்காட்டியும் கடைசியில் பார்வை ஒன்றுதான்" என்று சொல்வார்கள். அது 1992இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து வந்த பாடம். பார்வை நரம்பு வீங்கிய 457 பேர். ரத்தக்குழாய் வழி ஸ்டீராய்டு பார்வையைச் சீக்கிரம் திருப்பியது, ஆனால் முடிவான பார்வையில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வில் சேமித்து வைத்திருந்த ரத்தத்தைப் பின்னாளில் சோதித்தபோது 177 பேரில் ஒருவருக்குக்கூட அக்வாபோரின்-4 ஆன்டிபாடி இல்லை, எம்.ஓ.ஜி. ஆன்டிபாடி மூவருக்கு மட்டும் இருந்தது. வேறொரு நோயின் பாடத்தை இந்த நோய்க்குப் பொருத்தக் கூடாது.

மெத்தில்பிரட்னிசலோன் தினம் ஒரு கிராம், ஐந்து நாள் வரை டிரிப்ஸில். எங்கும் கிடைக்கும், அதிக செலவில்லை, உடனே ஆரம்பிக்கலாம். ஆனால் அது வீக்கத்தைத் தணிக்குமே தவிர ரத்தத்தில் சுற்றும் ஆன்டிபாடியை அகற்றாது. பிளாஸ்மா மாற்று அதை நேராகச் செய்கிறது: ரத்தத்தை வெளியே எடுத்து, பிளாஸ்மாவைப் பிரித்து, ஆல்புமின் கலந்து திருப்பி ஏற்றுவது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து முதல் ஏழு முறை. கழுத்தில் தடித்த குழாய் போடுவார்கள், ரத்த அழுத்தம் இறங்கும், தொற்று பயம் உண்டு, செலவும் பல மடங்கு. தங்கையின் கட்டிலருகே தொங்கிய பையில் கலங்கிய மஞ்சளாக நிறைந்ததைப் பார்த்தபோது, இதற்குள்ளேதான் அவள் கண்ணை எடுத்தது இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டேன்.

செலவைப் பார்த்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். பிரான்சில் வெளிவந்த ஓர் ஆய்வில் அட்டாக் வந்த அன்றே பிளாஸ்மா மாற்று செய்தவர்கள் முழுதாகத் தேறும் வாய்ப்பு ஏறக்குறைய 50 சதவீதம். 20 நாள் கழித்து என்றால் 1 முதல் 5 சதவீதம். "ஸ்டீராய்டு முடியட்டும், ரெண்டு வாரம் பாப்போம்" என்பதை நான் ஏற்கமாட்டேன். பார்வை மோசமாகப் போயிருந்து, மூன்று நான்கு நாளில் ஸ்டீராய்டுக்கு அசையவில்லை என்றால் அங்கேயே கேளுங்கள். அந்த மருத்துவமனையில் வசதி இல்லையா, இருக்கிற இடத்துக்கு அன்றே மாறுங்கள்.

இனி வருஷக்கணக்கில்: அசாதியோபிரினா, ரிட்டுக்சிமாபா?

நம்மூரில் பெரும்பாலான வீடுகளில் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

அசாதியோபிரின் தினசரி மாத்திரை. விலை குறைவு, சின்ன ஊரிலும் கிடைக்கும், வீட்டிலேயே விழுங்கலாம். ஆனால் முழு வேலை செய்ய நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும், அதுவரை ஸ்டீராய்டு மாத்திரையும் கூடவே. முகம் வீங்கி, சர்க்கரை ஏறும் காலம் அது. வெள்ளை அணு திடீரென்று சரியலாம், ஈரல் என்சைம் ஏறலாம். என்.யு.டி.டி.15 என்ற மரபணு மாற்றம் ஐரோப்பியர்களைவிட ஆசியர்களிடம் அதிகம், நம்மிலும் உண்டு. அது உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே விஷமாகும். மாத்திரை ஆரம்பித்த சில வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால் அன்றே ரத்தம் சோதிக்க வேண்டும். ஷாம்பூ மாற்றிப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

இன்னொரு குறையும் உண்டு, அதுதான் பெரிது: காப்பாற்றும் பலம் குறைவு. சீனாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில் 118 பேரை இரு பாதியாகப் பிரித்தார்கள். அசாதியோபிரின் பக்கம் 59 பேரில் 28 பேருக்கு நோய் திரும்பியது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் டோசிலிசுமாப் பக்கம் 59 பேரில் 8 பேருக்கு மட்டுமே. மைக்கோஃபெனோலேட் மாத்திரை அசாதியோபிரினைவிடப் பலருக்கு ஒத்துப்போகிறது, ஆனால் கருவைக் கடுமையாகப் பாதிக்கும். குழந்தை வேண்டுகிற பெண்ணிடம் அதை எழுதும் முன் பேசியாக வேண்டும்.

ரிட்டுக்சிமாப் ஆன்டிபாடி உற்பத்தியின் வேரான பி செல்களைக் காலி செய்கிறது. இரண்டு வார இடைவெளியில் ஒரு கிராம் இரண்டு முறை, பிறகு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. ஜப்பானில் நடந்த ஆய்வில் 38 பேர், 72 வாரம்: மருந்து பெற்ற 19 பேரில் யாருக்கும் நோய் திரும்பவில்லை, போலி மருந்து பெற்ற 19 பேரில் 7 பேருக்குத் திரும்பியது. சின்ன ஆய்வுதான், ஆனால் விடை தெளிவு. இந்தியாவில் டாக்டர் ரெட்டீஸ் 2007இலேயே இதன் பயோசிமிலரை (மூல மருந்துக்கு நிகரான மாற்று மருந்து) கொண்டுவந்தது, பின்னர் மற்ற கம்பெனிகளும் வந்தன. அதனால்தான் இது நம் கைக்கு எட்டுகிறது.

ஊசி நாள் எப்படி இருக்கும்? முதலில் பாராசிட்டமால், அலர்ஜி மருந்தான அவில், ஸ்டீராய்டு. அப்புறம் சொட்டுச் சொட்டாக ஆரம்பித்து அரைமணிக்கு ஒரு தரம் வேகம் கூட்டுவார்கள். முதல் தடவை தங்கைக்குத் தொண்டை அரித்தது. நிறுத்தி, அரைமணி கழித்து மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தார்கள். காலையில் போனவர்கள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பினோம். ஆறு மாதத்துக்கு ஒரு பகல் போவது பெரிதில்லை. முன்னதாக மஞ்சள் காமாலை பி சோதிக்காமல் ரிட்டுக்சிமாப் போடக் கூடாது, உள்ளே உறங்கும் கிருமி எழுந்து ஈரலையே முடித்துவிடும். தேவையான தடுப்பூசிகளையும் முன்னாலேயே முடித்துவிடுங்கள். வருஷங்கள் ஓடும்போது உடலின் பொதுவான எதிர்ப்புப் புரத அளவு சரியலாம். அடிக்கடி சளி, நெஞ்சுத் தொற்று வந்தால் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் தேர்வு ரிட்டுக்சிமாப். இரண்டு நிலைகளில் மட்டும் அசாதியோபிரினை ஏற்பேன். ஊசி போடும் வசதியுள்ள ஊர் எட்டாத தூரத்தில் இருந்தால் ஒன்று. ஏற்கெனவே பல வருஷம் அசாதியோபிரினிலேயே ஒரு அட்டாக்கும் இல்லாமல் இருப்பவர், அதைத் தொடர்ந்தே கர்ப்பமாக விரும்பினால் இன்னொன்று, கர்ப்பத்தில் அதைத் தொடரலாம். பிரசவத்துக்குப் பிறகான முதல் மூன்று மாதம்தான் நோய் அதிகம் திரும்பும் காலம். அப்போது மருந்தை விட்டுவிடச் சொல்லும் வீட்டுப் பெரியவர்களிடம் டாக்டரையே பேச வையுங்கள்.

விலை எட்டாத வரிசை

இந்த நோய்க்கென்றே பெரிய ஆய்வுகளில் தேறியவை வேறு. காம்ப்ளிமென்டைத் தடுக்கும் எக்குலிசுமாப் 2019இல் வந்தது: மருந்து பெற்ற 96 பேரில் 3 பேருக்கும், பெறாத 47 பேரில் 20 பேருக்கும் அட்டாக். அதன் தம்பியான ரவுலிசுமாப் எட்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆய்வில் இருந்த 58 பேரில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. இவற்றைப் போடுமுன் மெனிஞ்சோகாக்கஸ் தடுப்பூசி கட்டாயம். பி செல்லை அழிக்கும் இனெபிலிசுமாப், மாதம் ஒருமுறை தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் சாட்ராலிசுமாப் இரண்டும் 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. எக்குலிசுமாபின் அமெரிக்க விலை வருஷத்துக்கு 5 லட்சம் டாலரைத் தாண்டும். எண்களில் இவை முன்னே நிற்கின்றன, மறுப்பில்லை. ஆனால் நகையை விற்று ஒரு வருஷம் போட்டு, இரண்டாம் வருஷம் நிறுத்துவது ஆபத்து. நின்ற மருந்து நோயைத் தடுக்காது.

ரிட்டுக்சிமாப் தவறினால் அடுத்து என்ன? முதலில் மருந்து தவறியதா, தேதி தவறியதா என்று பிரிக்க வேண்டும். ஊசி தள்ளிப்போய் ரத்தத்தில் சி.டி.19 செல்கள் (அதாவது பி செல்கள்) மீண்டும் தலைகாட்டிய பிறகு வந்த அட்டாக் என்றால் அது மருந்தின் குற்றமல்ல. இடைவெளியைக் குறைத்தால் போதும். முதல் ஊசி போட்ட சில வாரத்துக்குள் வரும் அட்டாக்கும் தோல்வியில் சேராது, அந்தக் காலத்துக்குத்தான் ஸ்டீராய்டை உடனே நிறுத்தாமல் வைத்திருக்கிறார்கள். செல்கள் பூஜ்ஜியத்தில் இருக்கும்போதே வந்தால் மட்டும் கட்சி மாற வேண்டும். அப்போது நமக்கு எட்டக்கூடியது, மூட்டுவாதத்துக்காக இந்தியாவில் ஏற்கெனவே கிடைக்கும் டோசிலிசுமாப். அதற்குமுன் காசநோய் சோதனை கண்டிப்பாக வேண்டும். தங்கைக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. ஐந்தாம் மாதமே சி.டி.19 பார்த்துவிட்டுத்தான் ஊசித் தேதி குறிக்கிறோம்.