யூரியா ஊட்டமேற்றிய வைக்கோல்: எட்டுக் கோடைகளின் பயன்பாட்டு அனுபவம்

மன்னார்குடிக்கு அருகே நான்கு ஜெர்சி கலப்பினக் கறவைகளை வைத்திருக்கிறேன். 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டபோது, நெல் விளையும் டெல்டாவிலேயே வைக்கோலுக்கு அலைய வேண்டிய நிலை வந்தது. பசுந்தீவனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருந்த கொஞ்சம் பழைய வைக்கோலையும் மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டுக் காலடியில் போட்டு மிதித்தன. அந்தக் கோடையில்தான் கால்நடை மருத்துவர் ஒருவர் சொல்லி, வைக்கோலுக்கு யூரியா ஊட்டமேற்றும் முறையைத் தொடங்கினேன். 2024 வரை எட்டுக் கோடைகளில் இதைச் செய்து பார்த்ததில் தேறியது எது, தேறாதது எது என்பதைப் பதிவு செய்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

வைக்கோலைத் தின்று மாடு வயிறு நிரம்பும், ஆனால் உடம்பு தேறாது. அதற்குக் காரணம் உண்டு. வைக்கோலில் புரதம் மூன்று, நான்கு சதவீதத்துக்கு மேல் இல்லை. அசையூண் வயிற்றில் (தின்றது முதலில் ஊறிச் செரிக்கும் பெரிய வயிறு) வாழும் நுண்ணுயிரிகள் நார்ச்சத்தைச் சிதைத்துத் தாமும் பெருக வேண்டுமானால், தீவனத்தில் ஏறக்குறைய ஏழு சதவீதப் புரதமாவது தேவை. அதற்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகி, தின்றது வயிற்றிலேயே நெடுநேரம் தங்கி, மாடு அடுத்த வாய்க்கு விருப்பம் காட்டாது. இதற்கு மேல், நெல் வைக்கோலில் சிலிகா அதிகம். நார்ச்சத்தான செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும் லிக்னின் என்ற கெட்டிப் பொருளோடு பிணைந்து கிடப்பதால் நுண்ணுயிரிகள் அவற்றை எளிதில் அணுக முடிவதில்லை. யூரியாக் கரைசலைத் தெளித்துக் காற்றுப்புகாமல் மூடி வைத்தால், வைக்கோலின் மேலிருக்கும் நுண்ணுயிரிகளின் யூரியேஸ் நொதி யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகிறது. காரத்தன்மையுள்ள அந்த அம்மோனியா நார்ச் சுவரை ஊறச் செய்து, லிக்னினோடுள்ள பிணைப்புகளில் ஒரு பகுதியை அவிழ்க்கிறது; கூடவே புரதத்துக்கு வேண்டிய தழைச்சத்தையும் (நைட்ரஜன்) வைக்கோலில் விட்டுச் செல்கிறது. ஒரே வேலையில் இரண்டு குறைகளும் ஓரளவு தீருகின்றன.

காரத்தால் வைக்கோலை இளக்கும் இந்த எண்ணம் புதிதன்று. முதல் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில், தீவனத் தட்டுப்பாட்டில் தவித்த ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் பெக்மான் என்ற வேதியியலாளர் காஸ்டிக் சோடாக் கரைசலில் வைக்கோலை ஊறவைத்து, பிறகு ஏராளமான தண்ணீரில் அலசிக் கொடுக்கும் முறையை வகுத்தார். அலசும் தண்ணீரோடு வைக்கோலின் கரையும் சத்தும் போய்விடுவது அதன் பெருங்குறை. யூரியா முறையில் அலசல் இல்லை என்பதே நம்மைப் போன்றோருக்கு அதை உகந்ததாக ஆக்கியது.

நான் கடைப்பிடிக்கும் அளவு எல்லோரும் சொல்லும் அளவுதான்: 100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 65 லிட்டர் தண்ணீர், 21 நாள் மூடாக்கு, அதாவது காற்றுப்புகாமல் மூடி வைத்தல். இந்த அளவைக் கூட்டிப் பார்க்கும் ஆசை எவருக்கும் வரக்கூடாது. எனக்கும் ஒருமுறை வந்து, நல்லவேளையாக அடங்கிவிட்டது. தண்ணீரின் அளவை மட்டும் வைக்கோலின் ஈரத்துக்கேற்பக் குறைக்க வேண்டும். அறுவடை இயந்திரம் அறுத்துப்போட்ட வைக்கோலைக் காய விடாமல் கட்டு இயந்திரத்தில் சுருட்டிக் கொடுத்தால், வெளியே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும். அதற்கும் 65 லிட்டர் ஊற்றினால் அடித்தட்டில் கரைசல் தேங்கி, மேல்தட்டு வெறும் வைக்கோலாக நிற்கும். கட்டுகளை அப்படியே அடுக்கித் தெளிப்பதும் பயன் தராது, கரைசல் உள்ளே இறங்குவதில்லை. ஒவ்வொரு கட்டையும் பிரித்து உதறித்தான் போட வேண்டும். இந்த முறையில் மனிதர் சலித்துப்போகும் இடம் இதுவே.

முதல் ஆண்டு தரையில் குழி வெட்டினேன். வறட்சி ஆண்டு என்பதால் குழி காய்ந்திருந்தது, பழுதில்லாமல் வந்தது. அடுத்த ஆண்டு வாய்க்காலில் தண்ணீர் வந்தவுடன் குழியின் அடியில் ஊற்றெடுத்து, ஒரு முழ உயரத்துக்கு வைக்கோல் கறுத்து அழுகிவிட்டது. நிலத்தடி நீர் மேலாக நிற்கும் டெல்டாவில் குழி சரிப்படாது என்பதை 200 கிலோ வைக்கோலை எருக்குழியில் கொட்டிய பிறகு புரிந்துகொண்டேன். அதன் பிறகு தரைக்கு மேல் ஹாலோபிளாக் கல்லால் மூன்று பக்கச் சுவர் எழுப்பி, எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஐந்தடி உயரத்தில் இரண்டு அறைகள் கட்டிக்கொண்டேன். நன்றாக மிதித்து அமுக்கினால் ஓர் அறையில் சுமார் 500 கிலோ பிடிக்கிறது. நான்கு மாடுகளுக்கு ஆளுக்கு ஆறு கிலோ வீதம் போட்டால் அது 21 நாளுக்கு வரும். ஒன்றைத் திறந்து தீவனமாகப் போடும்போது மற்றொன்று மூடாக்கில் பதமாகிக்கொண்டிருக்கும். இந்தக் கணக்கு தற்செயலாக அமைந்ததுதான், ஆனால் இத்தனை ஆண்டும் மாற்றத் தோன்றவில்லை. ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர் இவ்வளவு கட்ட வேண்டியதில்லை. கெட்டியான பெரிய பாலித்தீன் பைகளில் திணித்து வாயை இறுகக் கட்டினாலே போதும்.

தெளிப்பதற்குப் பூவாளி, கரைப்பதற்கு டிரம், மிதிப்பதற்கு இரண்டு பேர், மூடுவதற்குத் தார்ப்பாய். அரையடி கனத்துக்கு வைக்கோலைப் பரப்பி, தெளித்து, மிதித்து, மீண்டும் பரப்ப வேண்டும். செலவில் யூரியாவின் பங்கு மிகச் சிறிது. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு என்ற விலையில், ஓர் அறைக்குரிய 20 கிலோவுக்கு 120 ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. ஆள்கூலியும் தார்ப்பாயும்தான் கணக்கைத் தீர்மானிக்கின்றன. தடிமன் அதிகம் என்று சொல்லி ஒரு கடையில் தலையில் கட்டிய தார்ப்பாய், இரண்டாம் தடவையே வெயிலில் வெடித்துச் சல்லடையானது. எலி கடித்த ஒரு விரற்கடைத் துளை போதும். அதைச் சுற்றி இரண்டு கூடை வைக்கோலில் வெள்ளைப் பூசணம் பிடித்துவிடும். பூசணம் பட்டதை உதறிவிட்டுப் போடலாம் என்று பார்க்கக் கூடாது, அது எருவுக்கே உரியது.

பதமாக வந்த வைக்கோல் பழுப்பேறி, தொட்டால் துவண்டு, மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடியோடு இருக்கும். நெடி இல்லையென்றால் காற்றுப் புகுந்திருக்கிறது என்று பொருள். ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே அன்றாடத் தேவைக்கு எடுத்து, ஒரு மணி நேரமாவது நிழலில் உலர்த்தி, நெடி தணிந்த பிறகே மாட்டின் முன் வைக்க வேண்டும். ஏற்றிய தழைச்சத்தில் கணிசமான பகுதி இந்த நெடியோடு காற்றில் போய்விடுகிறது. அதைத் தவிர்க்க வழியில்லை. அப்படிப் போனது போக எஞ்சும் வைக்கோலில் புரதம் ஏழெட்டு சதவீதம் என்பது பொதுவாகக் கிடைக்கும் அளவு.

மாடுகள் முதல் இரண்டு நாள் தலையைத் திருப்பிக்கொள்ளும். சாதாரண வைக்கோலோடு கால் பங்கு, அரைப் பங்கு என்று கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் முழு அளவுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், "உரத்தை வயல்ல போடு தம்பி, மாட்டுக்கு ஏன் போடுற?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அதிலிருந்த எச்சரிக்கையை நான் முழுமையாக உணர்ந்தது 2019 கோடையில், என் அலட்சியத்தால். கரைத்து மீந்த யூரியாத் தண்ணீரை டிரம்மிலேயே விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். அவிழ்த்துக்கொண்டு வந்த ஒரு பசு அதில் வாய் வைத்துவிட்டது. அரை மணி நேரத்துக்குள் உடல் நடுங்கி, வாயில் நுரை தள்ளி, வயிறு உப்பித் தள்ளாடியது. மருத்துவர் வந்து வினிகரையும் குளிர்ந்த நீரையும் குழாய் வழியாக வயிற்றுக்குள் செலுத்தினார். புளிப்பு சேர்ந்தால் வயிற்றின் காரத்தன்மை குறைந்து, அம்மோனியா இரத்தத்தில் ஏறும் வேகம் தணியும் என்று விளக்கினார். பசு பிழைத்தது. அன்று முதல் கரைசல் முழுவதும் தெளித்துத் தீர்ந்து, டிரம்மைக் கழுவிக் கவிழ்த்த பிறகே நாங்கள் நிழலில் உட்காருகிறோம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இந்த வைக்கோலை அறவே போடுவதில்லை. அவற்றின் அசையூண் வயிறு அதற்குத் தயாராக இருக்காது. கடையில் வாங்கும் கலப்புத் தீவனம் சிலவற்றிலும் யூரியா சேர்ப்பதுண்டு என்பதால், மூட்டையில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்தே வாங்குகிறேன்.

பயன் என்ன என்பதில் முதல் நான்கு ஆண்டுகள் எனக்கே தெளிவில்லை. ஊட்டமேற்றிய வைக்கோலையும், நாளொன்றுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவையையும் ஒரே மாதத்தில் தொடங்கியதால், பால் கூடியதற்கு எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நெல் வைக்கோலிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால், தாது உப்பு மட்டுமே கூட ஒரு மாற்றத்தைக் காட்டியிருக்கலாம். ஆகவே 2021 கோடையில், எல்லா மாட்டுக்கும் தாது உப்பும் தவிடும் புண்ணாக்கும் ஒரே அளவில் கொடுத்து, இரண்டு மாட்டுக்கு ஊட்டமேற்றியதும் இரண்டு மாட்டுக்குச் சாதாரண வைக்கோலும் மூன்று வாரம் போட்டு, பிறகு இடம் மாற்றிப் போட்டேன். ஊட்டமேற்றியதைத் தின்ற முறையில் ஒவ்வொரு மாடும் நாளுக்கு ஒன்றரைக் கிலோ வரை கூடுதலாக வைக்கோல் தின்றது. பால் அரை லிட்டருக்குச் சற்று மேல் கூடியது. சாணத்தில் முழுசாக வெளிவரும் வைக்கோல் தாள்கள் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தன. தண்ணீரும் கூடுதலாகக் குடித்தன. நான்கு மாடுகளின் கணக்கை ஆய்வு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், ஆனால் கொட்டகை நடத்துவதற்கு அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

இதில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டிய இடங்களும் உள்ளன. அம்மோனியாவை நுண்ணுயிரிகள் புரதமாக மாற்ற உடனடி மாவுச்சத்தும் வேண்டும். தவிடோ அரிசிக் குருணையோ துளியும் இல்லாமல் இந்த வைக்கோலை மட்டும் போட்டால் பலன் பாதிகூட வராது. வைக்கோலில் வைட்டமின் ஏ-க்கான மூலப்பொருள் இல்லை, ஊட்டமேற்றினாலும் வந்துவிடாது. வரப்பில் நிற்கும் அகத்தியும் கல்யாண முருங்கையும், சம்பா அறுவடைக்குப் பின் விதைத்த உளுந்தின் கொடியும்தான் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன. பத்து, பன்னிரண்டு லிட்டருக்கு மேல் கறக்கும் மாட்டுக்கு இது போதாது. அதன் வயிற்றின் கொள்ளளவுக்குள் அதைவிடச் செறிவான தீவனம் போக வேண்டும். வற்றிய மாட்டுக்கும், ஆறேழு லிட்டர் கறக்கும் மாட்டுக்கும்தான் இதன் அருமை தெரிகிறது. என் கொட்டகையில் வற்றிய மாட்டுக்குத் தவிடு, புண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தில் நாளுக்கு ஒரு கிலோ குறைத்தும் உடல் வாடவில்லை. சினையின் கடைசி இரண்டு மாதத்தில் மட்டும் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறேன்.

ஆண்டு முழுவதும் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை, வேண்டாம் என்பதே. 2018 நவம்பரில் கஜா புயல் கொட்டகைக் கூரையோடு தார்ப்பாயையும் தூக்கிக்கொண்டு போனபோது மூடாக்கில் இருந்த 500 கிலோவும் நனைந்து வீணானது. புயல் இல்லாத ஆண்டிலும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காற்றுப்புகாமல் காப்பது பெரும்பாடு. அந்த மாதங்களில் வரப்புப் புல்லும் கோ-4 கம்பு நேப்பியரும் தாராளமாக இருக்கும். நட்ட 75, 80 நாளில் முதல் அறுப்பும், பிறகு 45 நாளுக்கு ஓர் அறுப்பும் தரும் புல் பத்துச் சென்டில் நிற்கும்போது, ஆள் வைத்து வைக்கோலை மிதிப்பது வீண் செலவு. வைக்கோல் நறுக்கும் இயந்திரத்தை வாங்கினால் யூரியா வேலை மிச்சம் என்று சிலர் சொல்கிறார்கள். நறுக்கினால் சேதாரம் குறையும், உண்மை. ஆனால் அதனால் செரிமானம் அதிகரிக்காது. தூளாக அரைத்துவிட்டாலோ, செரிப்பதற்குள் வயிற்றைக் கடந்து போய்விடும்.

இப்போதைய என் வழக்கம் இதுதான். தை மாதச் சம்பா அறுவடையில் நன்றாகக் காய்ந்த வைக்கோலாகப் பார்த்து வாங்கி, மாசி முதல் வாரத்தில் முதல் அறையை மூடுகிறேன். மாசி முடிவதற்குள் அதைத் திறந்து, இரண்டாம் அறையை மூடுகிறேன். ஆடியில் வாய்க்கால் தண்ணீரில் புல் துளிர்த்த பிறகு தார்ப்பாயை மடித்துப் பரணில் போட்டுவிட்டு, மீந்த யூரியா மூட்டையை வயலுக்கே திருப்பி எடுத்துச் செல்கிறேன்.